வானத்து உழைப்பாளர்கள் – 9: காத்திருப்பும் கடமையே

விமான நிறுவனம் ஒன்று தன்னிடமுள்ள விமானிகள் அனைவருக்கும் குறித்த பறப்புகளை முன்கூட்டியே ஒதுக்கித் தீர்த்துவிட முடியாது. கடமைக்கு வரவேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிடலாம். மூடுபனியால் திசைமாற்றப்பட்ட விமானம் வேறு நகரில் இறங்க, அதன் விமானிகள் அங்கேயே தங்கவேண்டி வரலாம். புறப்பாடு தாமதமாகி, சட்டம் அனுமதித்த கடமை நேரம் முடிந்துபோனதால், விமானத்தில் ஏறவேண்டிய தலைமை விமானி அன்று பறக்கவே முடியாத நிலைக்கு வந்துவிடலாம். இவற்றுக்கு ஈடுகொடுப்பதற்காகவே ஒவ்வொரு நாளும் ஒரு பகுதி விமானிகள், எந்தப் பறப்பும் ஒதுக்கப்படாமல், அழைத்தவுடன் வந்துசேரும் ஆயத்தத்துடன் வைக்கப்படுகின்றனர். விமானிகள் ‘ரோஸ்டர்’ என்று அழைக்கும் மாதாந்தக் கடமைப் பட்டியலில், பறப்பு இலக்கமோ ஊர்ப் பெயரோ இல்லாமல் ஓரிரு எழுத்துக் குறியீட்டுடன் மட்டும் நிற்கும் நாட்கள் இவர்களுடையவை. அந்த நாட்களை யார் சுமக்கிறார்கள், அவை உழைப்பாகக் கணக்கிடப்படுகின்றனவா என்ற இரு கேள்விகளையும் இந்த அத்தியாயம் ஆராய்கிறது.

இக்கடமை ஒரே வகையானதன்று. விமான நிலையத்திலேயே சீருடையுடன் அமர்ந்திருப்பது ஒரு வகை. வீட்டிலோ விடுதியிலோ இருந்துகொண்டு, அழைப்பு வந்தால் ஒன்றரை மணி அல்லது இரண்டு மணி நேரத்துக்குள் விமான நிலையத்தை அடையும் தொலைவுக்குள் தங்கியிருப்பது இரண்டாவது வகை; ‘ஸ்டாண்ட்பை’ என்று பொதுவாகச் சுட்டப்படுவது இதுவே. பத்து அல்லது பன்னிரண்டு மணி நேர முன்னறிவித்தலுடன் அழைக்கப்படும் நீண்ட காத்திருப்பு மூன்றாவது வகையாகும். மூன்றிலும் கடினமானது இரண்டாவதே என்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால் உணரலாம்.

கதிரவெளியைச் சொந்த ஊராகக் கொண்ட ஒருவர், கட்டுநாயக்க விமான நிலையத்தைத் தளமாகக் கொண்ட நிறுவனமொன்றில் துணை விமானியாகப் பணியாற்றுவதாக வைத்துக்கொள்ளலாம். தளம் என்பது அவருடைய கடமை தொடங்கி முடியும் விமான நிலையத்தைக் குறிக்கும். வாகரைக்கு வடக்கே, வெருகலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள அவ்வூரிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வந்துசேர ஓர் இரவுப் பேருந்துப் பயணம் முழுதாகத் தேவைப்படுவதால், காத்திருப்பு நாட்களில் அவர் ஊரில் இருக்க முடியாது; நீர்கொழும்பிலோ சீதுவையிலோ வாடகை அறையில்தான் இருந்தாக வேண்டும். அவருடைய காத்திருப்பு அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் நான்கு மணிக்கு முடிவதாகக் கொண்டால், அழைப்பு நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கும் வரலாம், மூன்று மணி ஐம்பது நிமிடத்துக்கும் வரலாம், வராமலும் போகலாம். அதிகாலையில் பறக்க நேரும் என்று எண்ணினால் முதல்நாள் முன்னிரவிலேயே உறங்கியிருக்க வேண்டும். மாலையில் புறப்பட்டு இரவிரவாக வளைகுடாவுக்குப் போய்த் திரும்பும் பறப்பு கிடைக்கும் என்று எண்ணினால் பகலில் உறங்க வேண்டும். இரண்டில் எது நேரும் என்று தெரியாத நிலையில், தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்கும் உறக்கம் முழு ஓய்வாகாது. வாகரை வைத்தியசாலையில் ‘ஒன்கோல்’ கடமையில் இருக்கும் வைத்தியர் வீட்டிலிருந்தாலும் கடமையில் இருப்பவராகவே ஊரார் கருதுவதைப் போல, இவரும் கடமையில் இருப்பவராகவே கருதப்பட வேண்டியவர்.

சட்டங்கள் இதை ஒரே விதமாக ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளின்படி வீட்டுக் காத்திருப்பு 16 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அந்த நேரத்தில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே கடமை நேரமாகக் கணக்கில் சேர்க்கப்படுகிறது. முதல் 6 மணி நேரத்துக்குப் பின்னர் அழைக்கப்பட்டால், அதற்கு மேற்பட்ட காத்திருப்பு நேரம் அன்று அவர் பறக்கக்கூடிய உச்ச வரம்பிலிருந்து கழிக்கப்படும். காலை 7 மணிக்குக் காத்திருப்பைத் தொடங்கியவர் பிற்பகல் 3 மணிக்குக் கடமையேற்றால், அவருக்குரிய வரம்பில் 2 மணி நேரம் குறையும். காத்திருப்பும் பறப்பும் சேர்ந்து ஒருவரை 18 மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்கச் செய்யாதவாறு பட்டியல் அமைய வேண்டும் என்பதும் விதி. விமான நிலையத்தில் அமர்ந்திருக்கும் காத்திருப்போ முழுமையாகக் கடமை நேரமாகவே கருதப்படுகிறது.

அமெரிக்க விதி, ஒரு பேரிடரின் பின்னர் பிறந்தது. 2009 பெப்ரவரி 12 அன்று கோல்கன் எயார் நிறுவனத்தின் 3407ஆம் இலக்க விமானம் பஃபலோ நகருக்கு அருகே வீழ்ந்து, தரையில் இருந்த ஒருவர் உட்பட 50 பேர் மாண்டனர். அதன் துணை விமானி தளமான நியூவார்க்கை அடைவதற்காக முதல்நாள் இரவு நாட்டின் மறுகரையான சியாட்டிலிலிருந்து விமானங்கள் மாறிப் பயணித்திருந்தார். தலைமை விமானி, விமானிகள் தங்கும் அறையில் இரவைக் கழித்திருந்தார். இருவரது செயற்றிறனையும் களைப்பு பாதித்திருக்கக்கூடும் என்றும், விபத்துக்கு அது எவ்வளவு பங்களித்தது என்று அறுதியிட முடியாது என்றும் விசாரணைச் சபை நேர்மையாகப் பதிவுசெய்தது. உயிரிழந்தோரின் குடும்பத்தினர் ஓயாமல் போராடியதால் 2010இல் காங்கிரஸ் சட்டமியற்றியது. 2014 ஜனவரி 4 அன்று புதிய கடமை நேர விதிகள் நடைமுறைக்கு வந்தன. குறுகிய முன்னறிவித்தலில் அழைக்கப்படும் விமானி 14 மணி நேரத்துக்கு மேல் அழைப்பை எதிர்நோக்கியிருக்கக் கூடாது என்பதும், இரு விமானிகள் மட்டும் செல்லும் பறப்பில், காத்திருப்புத் தொடங்கிய கணத்திலிருந்து எண்ணினால் 16 மணி நேரத்துக்குள் கடமை முடிந்துவிட வேண்டும் என்பதும் அவற்றின் சாரம். சரக்கு விமானங்களின் விமானிகளுக்கு இவ்விதி பொருந்தாது என விடப்பட்டமை இன்றுவரை தீராத குறையாகும்.

எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதைச் சட்டம் சொல்கிறது. யார் காத்திருப்பது என்பதைச் சட்டம் சொல்வதில்லை. அமெரிக்க நிறுவனங்களில் அதைத் தீர்மானிப்பது சேவை மூப்பு. 1931இல் உருவான விமானிகள் சங்கம் காலப்போக்கில் வலுப்படுத்திய இம்முறையில், வேலையில் சேர்ந்த நாளின்படி ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் உண்டு. தங்கள் விருப்பங்களை அனைவரும் கணினியில் பதிய, மூத்தவரின் விருப்பம் முதலில் நிறைவேற்றப்பட்டு, எஞ்சியது அடுத்தவருக்குச் செல்லும். இவ்வாறு இறங்கி இறங்கி அடிமட்டத்துக்கு வரும்போது பண்டிகை நாட்களும் காத்திருப்பு நாட்களுமே மிஞ்சுகின்றன. மேலதிகாரிக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பாகுபாட்டுக்கு இதில் இடமில்லை என்பது இதன் பெரும் சிறப்பு. தொழிற்சங்கங்கள் இதை விட்டுக்கொடுக்க மறுப்பதற்கு அதுவே காரணம். ஆயினும் குறைந்த சம்பளமும் சிறு பிள்ளைகளும் உள்ள இளம் விமானிகளிடமே நிச்சயமற்ற நாட்கள் அனைத்தும் போய்ச் சேர்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. சுழற்சி முறையைக் கையாளும் நிறுவனங்களில் காத்திருப்பு நாட்கள் மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடின்றிப் பகிரப்படுகின்றன. இவ்விரண்டில் சுழற்சியே நீதிக்கு அண்மையில் நிற்கிறது. ஆனால் பகிர்வின் கணக்கு எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்படாத இடத்தில் அதுவும் அதிகாரியின் தயவாகவே முடிந்துவிடும்.

பங்கீட்டை விடவும் ஆழமான சிக்கல், காத்திருப்போரின் தொகையையே குறைத்துவிடும் போக்கு. பறக்காத விமானிக்குச் சம்பளம் கொடுப்பது வீண் செலவு எனக் கருதும் நிர்வாகம், அந்தத் தொகையை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வெட்டுகிறது. அதன் விளைவை 2025 டிசம்பரில் இந்தியா கண்டது. விமானிகளின் களைப்பைக் குறைப்பதற்காக இந்தியச் சிவில் விமானப் போக்குவரத்துப் பணிப்பாளர் நாயக அலுவலகம் 2024 ஜனவரியில் திருத்திய விதிகளை வெளியிட்டது. வாராந்த ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்த்தப்பட்டது. இரவு எனக் கணக்கிடப்படும் நேரம் அதிகாலை 5 மணியிலிருந்து 6 மணி வரை நீட்டப்பட்டது. இரவுக் கடமையில் தரையிறங்கும் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. நிறுவனங்களின் எதிர்ப்பால் தள்ளிப்போடப்பட்ட இவ்விதிகள், தில்லி உயர் நீதிமன்ற வழக்கின் பின்னர், 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. ஆயத்தமாவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்தன.

உள்நாட்டுப் பயணிகளில் 60 வீதத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் செல்லும் இண்டிகோ நிறுவனம் டிசம்பர் முதல் வாரத்தில் நிலைகுலைந்தது. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறப்புகள் இரத்தாயின. புதிய விதிகளின்கீழ் அந்நிறுவனத்துக்கு 2,422 தலைமை விமானிகள் தேவைப்பட, கையிருப்பில் 2,357 பேர் இருந்ததாகக் கணக்குக் காட்டப்பட்டது. குறைந்தவர்கள் 65 பேர். நூற்றுக்கு மூவர்கூட இல்லை. இவ்வளவு சிறிய பற்றாக்குறை இவ்வளவு பெரிய சரிவாக மாறியதற்குக் காரணம், அதைத் தாங்கிக்கொள்ளக் காத்திருப்போர் வரிசை இல்லாமற்போனதே. விமானிகளையும் விமானங்களையும் உச்ச அளவில் பயன்படுத்துவதிலேயே நிர்வாகம் கவனம் செலுத்தியதால் கடமைப் பட்டியலில் இருக்கவேண்டிய இடைவெளி கரைந்துவிட்டது என்று விசாரணைக் குழுவும் பின்னர் கண்டறிந்தது. அதே விதிகளுக்கு உட்பட்ட மற்ற நிறுவனங்கள் இவ்வாறு சரியவில்லை என்பதால், ஓய்வு விதிகளே குழப்பத்துக்குக் காரணம் என்ற வாதம் நிற்காது.

இருப்பினும் தண்டனை முதலில் விழுந்தது ஓய்வின் மீதுதான். விடுமுறையை வாராந்த ஓய்வாகக் கணக்குக் காட்டக் கூடாது என்ற விதி டிசம்பர் 5 அன்று எல்லா நிறுவனங்களுக்கும் திரும்பப் பெறப்பட்டது. இரவுக் கடமை விதிகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பெப்ரவரி 10 வரை விலக்களிக்கப்பட்டது. நிறுவனத்தின் பறப்புகளில் 10 வீதத்தைக் குறைக்கும் ஆணையும் பின்னர் வந்தது உண்மையே. ஆனால் ஆயத்தம் செய்யாத நிர்வாகத்தின் பிழைக்கு விமானியின் உறக்கம் விலையாகக் கொடுக்கப்பட்டது என்ற விமானிகள் சங்கங்களின் கண்டனத்துக்கு இன்றுவரை ஏற்கத்தக்க பதில் இல்லை.

இது விமானிகளுக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான சம்பளப் பூசல் மட்டுமென ஒதுக்கக் கூடியதன்று. 2010 மே 22 விடியலில் துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் வீழ்ந்து 158 பேர் மாண்டனர்; எட்டுப் பேர் மட்டுமே பிழைத்தனர். தலைமை விமானி பறப்பின் பெரும் பகுதியில் உறங்கியிருந்தார் என்பதும், விழித்தெழுந்த பின்னரும் தெளியாத மந்தம் அவருடைய தீர்மானங்களைப் பாதித்தது என்பதும் விசாரணையில் வெளிப்பட்டன. அவ்விமானத்தில் வந்தவர்கள் பலரும் வளைகுடாவில் உழைத்துவிட்டு வீடு திரும்பியவர்கள். கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி போன்ற ஊர்களிலிருந்து வீட்டுப் பணிக்கும் கட்டட வேலைக்கும் செல்வோர் ஏறுவதும் அத்தகைய இரவுப் பறப்புகளிலேயே. பறப்பு இரத்தானால் விடுதியில் தங்கப் பணமும், மீண்டும் பயணச்சீட்டு வாங்க வழியும், வேலைகொள்வோருக்குத் தாமதத்தை விளக்க மொழியும் இல்லாதவர்களும் இவர்களே.

இலங்கையில் இச்சிக்கலுக்கு வேறொரு முகமும் உண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் ரூபாயின் பெறுமதி வீழ்ந்து, வருமான வரியும் உயர்ந்தபோது, அனுபவமிக்க விமானிகள் பலர் வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சென்றனர். தலைமை விமானி ஒருவரை உருவாக்கப் பல ஆண்டுகள் வேண்டும். அவர் விலகுவதற்குச் சில மாத முன்னறிவித்தல் போதும். எஞ்சியிருப்போர் கூடுதலாகப் பறக்கும்போது முதலில் காணாமற்போவது காத்திருப்போர் வரிசைதான். அதன் பின்னர் ஒருவருக்கு வரும் காய்ச்சலே ஒரு பறப்பின் தாமதமாகிவிடுகிறது.

ஆகவே வீட்டுக் காத்திருப்பில் கழியும் நேரத்தில் நான்கில் ஒரு பங்கையன்றி, குறைந்தது பாதியையேனும் கடமை நேரமாகக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு விமானியும் மாதத்தில் எத்தனை காத்திருப்பு நாட்களைச் சுமந்தார் என்ற பட்டியல் சக விமானிகளின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பறப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் காத்திருப்போரின் குறைந்தபட்ச விகிதத்தை விமான நிறுவனம் அல்லாமல் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையே நிர்ணயித்து, அதைக் காட்டாத நிறுவனத்தின் பருவகால அட்டவணைக்கு அனுமதி மறுக்க வேண்டும். இலங்கைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபைக்கு அதைச் செய்யும் பொறுப்பு உண்டு; அடுத்த பருவகால அட்டவணைக்கு ஒப்புதல் அளிக்கும் முன்னர் அது இதைத் தொடங்கட்டும்.

(தொடரும்)