25 ரூபாய்க்கு ஒரு ராஜா

சென்னை சென்ட்ரலிலிருந்து கிளம்பும் ஏசி எக்ஸ்பிரஸ் ஒன்று கொல்கத்தா வரை போகாமல் ஹூக்ளி நதிக்கு இக்கரையிலேயே நின்றுவிடும். அந்த ஊர் சாந்த்ராகாச்சி, ஹௌரா மாவட்டம். குளிர்காலத்தில் சீழ்க்கைச் சிறகிகள் கூட்டமாக வந்திறங்கும் ஏரியும், வங்காளம் முழுக்கப் பேர்போன சேனைக்கிழங்கும் ஊரின் அடையாளங்கள். ரயில் வருவதற்கு முந்தைய கம்பெனி காலத்தில் அக்கரையில் கல்கத்தா நகரத்துக்குத் தனிப் போலீஸ் இருந்தது. இக்கரைக் கிராமங்களுக்கோ எல்லாமே தாரோகா என்ற போலீஸ் அதிகாரிதான்.

தாரோகாவை உருவாக்கியவர் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ். ஜமீன்தார்களிடமிருந்த காவல் பொறுப்பை அவரது 1793-ம் ஆண்டுச் சட்டம் பறித்தது. ஏறக்குறைய 400 சதுர மைலுக்கு ஒரு தாணா, அதாவது காவல் நிலையம். அதற்கு ஒரு தாரோகா. அவருக்குக் கீழே ஆயுதம் தாங்கிய பர்கந்தாஸ்கள். கிராமத்துச் சௌகிதார்களும் அவருக்கே கட்டுப்பட்டவர்கள். நம் ஊர்த் தலையாரிக்கு வங்காளத்துச் சகோதரர்தான் சௌகிதார்.

இத்தனை அதிகாரத்துக்கு மாதச் சம்பளம் 25 ரூபாய். அது போதாது என்று அரசுக்கும் தெரியும். அதனால் மீட்ட திருட்டுப் பொருளின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கும், தண்டனை பெறும் ஒவ்வொரு கொள்ளைக்காரனுக்கும் 10 ரூபாயும் தாரோகாவுக்கு உண்டு என்று விதித்தது. ஆள் பிடித்தால் காசு என்றான பிறகு, பிடிபட்டவன் உண்மைத் திருடனா என்று யார் பார்ப்பது?

ஓர் ஊரில் கன்னம் வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். சௌகிதார் தாணாவுக்கு ஓடுவார். தாரோகா பரிவாரத்தோடு வந்திறங்குவார். அத்தனை பேருக்கும் சோறு போடுவது ஊர். சந்தேகம் என்று பெயர் சொன்னாலே போதும்; அந்த ஆள் கையில் விலங்கு. விடுபட வேண்டுமென்றால் பணம். பணமில்லாதவன் அடிதாங்காமல் ஒப்புக்கொள்வான். மாஜிஸ்திரேட் துரை இருப்பது தொலைவில் மாவட்டத் தலைநகரில். அவர் மேஜைக்குப் போவது தாரோகா எழுதிய அறிக்கை மட்டும்தான். திருட்டு கொடுத்தவனே அதை மூடி மறைக்கும் நிலை வந்தது. கடைசியில், வன்முறை இல்லாத கன்னத் திருட்டை, பறிகொடுத்தவர் கேட்டுக்கொண்டால் ஒழிய போலீஸ் விசாரிக்கக் கூடாது என்று 1832-ல் அரசே சட்டம் போட்டது. போலீஸிடமிருந்து மக்களைக் காக்க ஒரு சட்டம்!

எல்லாத் தாரோகாக்களும் ஒரே ரகமில்லை. 1850-களில் நதியா மாவட்டத்தில் தாரோகாவாக இருந்த கிரீஷ் சந்திர பாசு, தன் அனுபவங்களை வங்காளியில் எழுதினார். 1888-ல் அது ‘சேகாலேர் தாரோகார் காஹினி’ என்ற புத்தகமாக வந்தது. அந்தக் காலத் தாரோகாவின் கதை என்பது பொருள். ஒரு பக்கம் ஜமீன்தார், மறுபக்கம் அவுரித் தோட்டத்து வெள்ளைக்காரர், இருட்டில் கொள்ளைக் கூட்டம். இவர்களுக்கு நடுவே தாணா நடத்திய வாழ்க்கை அவருடையது.

சென்னை மாகாணத்திலும் தாரோகாக்கள் இருந்தார்கள். 1816-ல் அந்த முறையை ஒழித்து, காவலைத் தாசில்தாரிடமும் கிராமத் தலைவரிடமும் கொடுத்தார்கள். வரி வசூலிப்பவரே போலீஸும் ஆனார். விளைவு, 1854-ல் சித்திரவதை விசாரணைக் கமிஷன். வரிப் பாக்கிக்கும் வாக்குமூலத்துக்கும் மக்கள் பட்ட அடியை அதன் அறிக்கை பதிவு செய்தது. 1859-ல் சென்னைக்கு, 1861-ல் இந்தியாவுக்கு என்று தனிப் போலீஸ் சட்டங்கள் வந்தன. தாரோகாவின் நாற்காலியில் சப்-இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார்.

தாரோகாவைப் பேராசைக்காரர் என்று திட்டிவிட்டுப் போவது எளிது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அதிகாரத்தை வாரிக் கொடுத்து, கணக்குக் கேட்க ஆள் வைக்காமல் விட்டது அரசு. அது மிச்சம் பிடித்த காசை வட்டியோடு கட்டியவர்கள் கிராமத்து ஏழைகள். காவல் நிலையச் சாவுகள் இன்றும் செய்தியாகும் நாட்டில், போலீஸ் சீர்திருத்தம் பேசுபவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.