கற்கண்டும் கண்ணாடியும்

கற்கண்டும் சீனியே, பாகை முற்றக் காய்ச்சித் தட்டில் ஊற்றி இறுக்கிய மிட்டாயும் சீனியே. ஆயினும் இரண்டையும் ஒளியிற் பிடித்துப் பாருங்கள். கற்கண்டிலே பட்டை தீட்டியது போன்ற தட்டையான முகங்கள் பளிச்சிடும். மிட்டாய்க்கு அத்தகைய முகங்கள் இல்லை; உடைத்தாற் சிப்பியின் உட்புறம்போல வளைந்த பரப்புக்களோடு சிதறும். ஒரே பொருள் இருவேறு இயல்பு கொள்வது எங்ஙனம்?

கற்கண்டு, செறிந்த பாகிலே நூலைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் மெல்ல வளர்வது. மூலக்கூறுகள் தத்தம் இடத்தில் அணிவகுத்து அமர அங்கே அவகாசம் உண்டு. இவ்வாறமைவது பளிங்குத் திண்மம். விரைந்து இறுகும் பாகிலோ, மூலக்கூறுகள் திரவத்திற் கிடந்த குழம்பிய நிலையிலேயே அசைவிழந்து விடுகின்றன. இது பளிங்குருவற்ற திண்மம். கண்ணாடி இவ்வினத்தின் தலைமகன்.

நாத்தாண்டியின் வெண்மணல் பெரும்பாலும் குவாட்சு என்னும் பளிங்கே. அதனை உருக்கிப் பளிங்காக விடாமற் குளிர்வித்தால் சிலிக்காக் கண்ணாடி கிடைக்கும். ஒவ்வொரு சிலிக்கன் அணுவையும் நான்கு ஒட்சிசன் அணுக்கள் சூழ்ந்திருத்தல் இரண்டிற்கும் பொது. குவாட்சில் அவ்வமைப்பு ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைவரை மாறாது தொடரும். கண்ணாடியிலோ, அடுத்த வீட்டோடு ஒழுங்கு உண்டு, தெருவுக்கு ஒழுங்கில்லை. 1932 இல் சக்காரியாசன் என்னும் அறிஞர் இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துரைத்தார். நெருங்கி அடுக்கப்பட்ட குவாட்சின் அடர்த்தி கன சதமமீற்றருக்கு 2.65 கிராம், சிலிக்காக் கண்ணாடிக்கோ 2.20 கிராமே.

ஒழுங்குள்ள இடத்திலே திசைவேற்றுமையும் உண்டு. உப்புக்கல் சில தளங்கள் வழியே எளிதிற் பிளந்து செங்கோண முகங்களைக் காட்டும். கல்சைற்றுப் பளிங்கினூடே ஓர் எழுத்தை நோக்கினால் அது இரண்டாகத் தோன்றும். கண்ணாடிக்கோ எத்திசையும் ஒன்றே. ஆதலாற்றான் பலகணியினூடே தெருவை ஒற்றை உருவாய்க் காண்கிறோம்.

வெப்பத்தின் முன்னே இவ்வேற்றுமை இன்னும் துலங்கும். பளிங்கில் ஒத்த பிணைப்புக்கள் ஒரே வலிமை உடையன. ஆதலின் பனிக்கட்டி 0 பாகையிற் சட்டென நீராகிறது. கண்ணாடியிற் பிணைப்புக்கள் ஒன்றுபோல் ஒன்றில்லை. சாதாரண சோடாக் கண்ணாடி ஏறத்தாழ 550 பாகை செல்சியசைக் கடந்தபின் சிறிது சிறிதாக இளகி, 1,000 பாகையளவில் கெட்டிப் பாகாகக் குழைகிறது. திட்டமான உருகுநிலை அதற்கு இல்லை. இக்குறை இல்லையேல், குழலில் ஊதிக் குடுவை செய்யும் கலையே பிறந்திராது. பனிக்கட்டியை ஊதிப் பாத்திரம் ஆக்குவார் யார்?

ஆனால் இக்குழைவே ஒரு தவறான நம்பிக்கைக்கும் வித்தாயிற்று. ஐரோப்பாவின் பழந்தேவாலயங்களிற் சில கண்ணாடிகள் அடிப்பக்கம் தடித்திருக்கக் கண்டோர், கண்ணாடி திரவமே, நூற்றாண்டுக் கணக்கில் ஒழுகி இறங்குகிறது என்றனர். வகுப்பறைகளிலும் இக்கதை உலாவியது. உண்மை வேறு. அக்காலத்தில் உருகிய கண்ணாடியை ஊதிச் சுழற்றித் தட்டாக்கி வெட்டினர். துண்டுகள் சமதடிப்பாய் அமையவில்லை. தடித்த ஓரம் மேலே அமைந்த கண்ணாடிகளும் உள. வெஸ்ற்மினிஸ்ரர் மடாலயக் கண்ணாடியின் கலவையை ஒத்த ஒன்றை ஆராய்ந்தோர் 2017 இல் வெளியிட்ட முடிவின்படி, நூறு கோடி ஆண்டுகளிலும் அது ஒழுகக்கூடிய அளவு ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்களவே.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. மன்னாரை அடுத்த மாந்தையின் அகழ்வுகளிற் பழைய கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன. பல நூற்றாண்டுகள் மண்ணிற் புதைந்து கிடந்த அம்மணிகளின் துளைகள் ஒழுகி மூடிப்போகவில்லை. இன்றும் நூல் கோக்கலாம். உள்ளே அணிவகுப்பு இல்லையென்பதால் உறுதியும் இல்லையென்று கொள்ளல் தவறு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?