பிரேக் பிடிக்காத கியர் சைக்கிள்: யார் பொறுப்பு?

மேல்மலையனூர் வட்டத்தில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகள் இப்போது கேட்பது தடித்த டயரும் முன்பக்க ஷாக்கும் டிஸ்க் பிரேக்கும் வைத்த சைக்கிளைத்தான். கடையில் எம்டிபி, அதாவது மலை சைக்கிள் என்பார்கள். ஊரில் அதற்கு கியர் சைக்கிள் என்று பெயர். கியர் இல்லாத மாடலையும் அப்படியேதான் சொல்கிறார்கள். விலை பத்தாயிரத்தை ஒட்டி வருகிறது. மல்லாட்டை விற்ற காசிலும் சீட்டு எடுத்த பணத்திலும் பெற்றோர் வாங்கித் தருகிறார்கள். சிலர் செஞ்சிக்கோ திருவண்ணாமலைக்கோ போய்க் கடையில் எடுக்கிறார்கள், சிலருக்கு செல்போனில் போட்ட ஆர்டர் அட்டைப்பெட்டியில் வந்து இறங்குகிறது.

எப்படி வாங்கினாலும் ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். சைக்கிள் தொழிற்சாலையிலிருந்து முழுதாகப் பூட்டி வருவதில்லை. ஹேண்டில் பார், முன் சக்கரம், பெடல், சீட் ஆகியவற்றைக் கடைசியாகப் பூட்டுவது கடைப் பையன். பெட்டியில் வந்தது என்றால் வீட்டில் அண்ணனோ மாமாவோ பூட்டுகிறார். பிரேக் வயரை இழுத்துக் கட்டுவதும் அவர்கள் கையில்தான். விபத்துக்குக் காரணமாகும் கோளாறுகளில் பல நுழைவது இந்தக் கடைசி அரைமணி நேரத்தில். ஆகவே சைக்கிளைச் சாலையில் விடத்தக்க நிலையில் பூட்டி, பிரேக் பிடித்துக் காட்டி ஒப்படைப்பது கடைக்காரர் நமக்குச் செய்யும் உபகாரம் ஆகாது. அது நாம் கொடுத்த விலைக்குள் அடங்கிய வேலை, கேட்டு வாங்க வேண்டியது. கேட்க வேண்டுமானால் எதைப் பார்ப்பது என்று நமக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஃபோர்க். பெட்டியைப் பிரித்து வீட்டில் பூட்டுகிறவர்கள் ஃபோர்க்கை முன்பின்னாகத் திருப்பிப் பூட்டிவிடுவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் முன் டிஸ்க் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் ஃபோர்க் திரும்பியிருக்கிறது என்று பொருள்; அந்த சைக்கிளை ஓட்டக் கூடாது, வளைவில் கால் விரல் முன் டயரில் இடிக்கும், ஹேண்டிலும் நிலைகொள்ளாமல் அலையும். அடுத்து, முன் சக்கரத்தை இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு ஹேண்டில் பாரைத் திருப்பிப் பாருங்கள். ஹேண்டில் மட்டும் தனியாகத் திரும்பினால் போல்ட் இறுகவில்லை. பெடலில் இடதுக்கு எல், வலதுக்கு ஆர் என்று பொறித்திருக்கும். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். மாற்றி மாட்டி ஸ்பேனரால் அழுத்தினால் கிராங்க் மரை அழிந்துவிடும், பிறகு ஓடும்போதே பெடல் கழன்று விழும். அப்படி விழுந்தால் பழியைப் பையன் மேல் போடுவார்கள், பூட்டியவரை யாரும் கேட்கமாட்டார்கள். வாங்கிய அன்றே இதைப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். விலை குறைந்த மாடல்களில் உள்ள டிஸ்க் பிரேக் எண்ணெயில் இயங்குவதல்ல, வயர் இழுத்தால் பிடிக்கும் வகை. புது வயர் ஓட ஓட நெகிழும், அதன் உறையும் அமுங்கி உட்காரும். முதல் நாள் நன்றாகப் பிடித்த பிரேக் சில வாரங்களில் லீவரைக் கைப்பிடி வரை இழுத்தும் பிடிக்காமல் போவதற்கு இதுவே காரணம். இதை சைக்கிளின் குறை என்று சொல்ல முடியாது, திரும்ப இறுக்காமல் விடுவதுதான் குறை. வயர் லீவருக்குள் நுழையும் இடத்தில் விரலால் திருகும் சின்ன உருளை ஒன்று இருக்கும். அதை வெளிப்பக்கமாகத் திருகினால் வயர் இறுகும். பிறகு அதன் பூட்டு வளையத்தைத் திருப்பி அமர்த்த வேண்டும். அதற்கும் அடங்கவில்லையென்றால், சக்கரத்தின் பக்கம் பிரேக்கில் வயரைக் கவ்வியிருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, வயரைக் கொஞ்சம் இழுத்து மறுபடி இறுக்கலாம். ஐந்தாம் எண் ஆலன் கீ ஒன்று இருந்தால் இந்த வேலைகளில் பெரும்பாலானவை முடிந்துவிடும்.

டிஸ்க் உரசிக்கொண்டே ஓடினால், பிரேக்கை ஃபோர்க்கோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளைச் சற்றே தளர்த்தி, லீவரை முழுதாக அழுத்திப் பிடித்தபடி அவற்றை மாறி மாறி இறுக்க வேண்டும். பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். டிஸ்க்கில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது. செயினுக்கு எண்ணெய் விடும்போது பிள்ளைகள் சத்தம் வருகிறதே என்று டிஸ்க்குக்கும் விடுகிறார்கள், அத்தோடு பிரேக் போயிற்று. எண்ணெய் குடித்த பேடைக் கழுவிப் பயனில்லை, புதிது போட வேண்டும். பேடின் உராயும் பகுதி 1 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். டிஸ்க் இல்லாமல் ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால், பிரேக் கட்டை ரிம்மின் மேல்தான் முழுதாக உட்கார வேண்டும். டயரைத் தொட்டால் அறுத்துவிடும், ரிம்முக்குக் கீழே இறங்கினால் கம்பிகளுக்குள் சிக்கும்.

முன் சக்கரத்தை நட்டுக்குப் பதிலாக ஒரு நெம்புகோலால் பூட்டும் மாடல்களும் வருகின்றன. அந்த நெம்புகோலை நட்டுபோலச் சுற்றி இறுக்கக் கூடாது, மடக்கி மூட வேண்டும். பாதி மூடும்போதே கைக்கு எதிர்ப்புத் தெரிய வேண்டும், முழுதும் மூடினால் உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும். 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் ட்ரெக் நிறுவனம், அந்த நாட்டில் மட்டும் சுமார் 9 லட்சம் சைக்கிள்களுக்கு இந்த ஒரு பாகத்தை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்துத் திரும்ப அழைத்தது. சரியாக மூடாத நெம்புகோல் முழுதாகப் பின்னால் திறந்து டிஸ்க்கில் மாட்டிக்கொண்டால், ஓடும் சக்கரம் சட்டென்று நின்றுவிடும். அப்படி விழுந்த ஒருவருக்குக் கைகால் செயலிழந்தது. நம் நாட்டிலும் ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கொடுத்த அதிகாரம் அது. ஒரே மாடலில் ஒரே பாகம் பலருக்கு உடைகிறது என்றால், ஊர் முழுக்கப் புலம்பித் திரிவதைவிட அங்கே எழுதுவது பயன் தரும்.

கியர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை மட்டும். பின் சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்துக்குச் செயின் ஏற மறுத்தால், கியர் வயர் நுழையும் இடத்து உருளையைக் கால் சுற்று இடஞ்சுழியாகத் திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் சைக்கிள் வலப்பக்கமாக விழுந்து எழுந்தபின் கியர் உறுமினால் அதை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே கடைக்குப் போங்கள். வளைந்த கியர்த் தொங்கல் சக்கரக் கம்பிக்குள் நுழைந்தால் கம்பியோடு ஃப்ரேமின் பின்பகுதியும் சேர்ந்து போகும். சக்கரக் கோட்டம் எடுப்பது, பால்ரஸ் மாற்றுவது, ஓவராயில் செய்வது எல்லாம் அனுபவப்பட்ட கைகளுக்கே. நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் அந்தக் கைகள் இன்னும் இருக்கின்றன, அவர்களுக்குக் கூலி கொடுக்கக் கஞ்சப்பட வேண்டாம்.

இந்தப் பக்கம் ஏரிக்கரையெல்லாம் வேலிக்காத்தான் முள். பஞ்சர் ஒட்டினால் மட்டும் போதாது, டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி முள்ளை எடுக்காவிட்டால் அதே முள் மறுநாளும் குத்தும். காற்றழுத்த அளவு டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். லாரிக்கு அடிக்கும் கம்ப்ரசரில் கண்ணளவாக அடித்து டியூப் வெடித்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேல்மலையனூருக்கு அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் பார்க்கப் பெருங்கூட்டம் வருவது அமாவாசை இரவில். மாசியில் மயானக் கொள்ளை என்றால் இன்னும் அதிகம். ஆக, நிலா அறவே இல்லாத இரவில்தான் வளத்திச் சாலையிலும் அவலூர்ப்பேட்டைச் சாலையிலும் பேருந்தும் வேனும் வரிசை கட்டுகின்றன. அந்தச் சாலையோரத்தில் கறுப்பு நிற சைக்கிளில் டியூஷன் முடிந்து வரும் பிள்ளை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிய ஒரே வழி, வெளிச்சம் பட்டால் மின்னும் பிரதிபலிப்பான்கள். அவை பிஐஎஸ் தரத்தில் இருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2020-இல் தரக்கட்டுப்பாட்டு ஆணையே பிறப்பித்தது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, சக்கரத்திலும் பெடலிலும் தனித்தனி. ஸ்டைலுக்காகப் பிள்ளைகள் இவற்றைக் கழற்றி எறிகிறார்கள், சில கடைகளில் மாட்டாமலே கொடுத்துவிடுகிறார்கள். பெற்றோர்களே, இதில் மட்டும் பிள்ளையிடம் விட்டுக்கொடுக்காதீர்கள். அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையில் நெல்லும் மல்லாட்டையும் காயும். அவற்றின் மேல் பிரேக் போட்டால் சக்கரம் வழுக்கும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

மலை சைக்கிள் என்று பெயர் வைத்ததாலேயே அது மலைப்பாறையில் குதிக்கும் என்று அர்த்தமில்லை. விளம்பரப் படத்தில் சைக்கிள் பாறையிலிருந்து பறக்கும், கூடவே வரும் கையேட்டில் குதிப்பதும் சாகசம் செய்வதும் கூடாது என்று பொடி எழுத்தில் இருக்கும். விலை குறைந்த மாடல்களின் ஃபோர்க்கும் ரிம்மும் மண்சாலைக்கும் பள்ளம் விழுந்த தார்ச்சாலைக்கும் போதும், அதற்கு மேல் தாங்காது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் படிகளில் சைக்கிள் விட்டுப் பார்க்கும் ஆசை அந்த ஊர்ப் பையன்களுக்கு வரலாம். அந்தக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது, 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறியது. அங்கே அது கூடவே கூடாது.

இந்தப் பொடி எழுத்துக்குச் சட்டத்தில் எடை உண்டு, இரண்டு பக்கமும். 2019 சட்டத்தின் 84-ஆம் பிரிவு, பொருளைச் சரியாகப் பயன்படுத்தத் தேவையான குறிப்பும் எச்சரிக்கையும் தராத தயாரிப்பாளரை அதனால் நேரும் தீங்குக்குப் பொறுப்பாக்குகிறது. அதே சட்டத்தின் 87-ஆம் பிரிவு, பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்பவருக்கு விலக்குத் தருகிறது. பின் அச்சில் நண்பன் நின்று வரக் குழாய் மாட்டுவதும் ஃபோர்க்கை மாற்றுவதும் நம் உரிமையை நாமே வெட்டிக்கொள்ளும் வேலை.

வாங்கும்போது பில் கேளுங்கள். துண்டுச் சீட்டில் எழுதித் தருவது பில் ஆகாது. பில் தராமலிருப்பது அந்தச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக முறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் எடுத்தாக வேண்டும். விற்ற பொருள் வாபஸ் இல்லை என்று பலகை மாட்டினால் இந்தக் கடமை மறைந்துவிடாது. சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது, பில்லில் அதையும் பாருங்கள். பெடல் அச்சுக்குக் கீழே ஃப்ரேமில் பொறித்த எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். திருடு போனாலும் வழக்குப் போட்டாலும் கைகொடுக்கும்.

குறை தெரிந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு முதலில் கடைக்கு எழுத்தில் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பும் எழுத்துதான். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அதிலும் தீராவிட்டால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையில் இருக்கட்டும், பாண்டிச்சேரியில் இருக்கட்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். உடைந்த பாகத்தைக் கடைக்காரர் வாங்கிக் குப்பையில் போட்டுவிடாமல் நீங்களே எடுத்து வையுங்கள். ஆணையம் அதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம், ஆய்வு முடிவு வலுவான சான்று.

அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் கிடைக்கும் விலையில்லா சைக்கிளுக்கு இந்த வழி அவ்வளவு எளிதாகத் திறக்காது, காரணம் அதற்கு நாம் விலை கொடுக்கவில்லை. அதற்காக உடைந்ததை அப்படியே ஓட்ட வேண்டியதில்லை. வாங்கும் அன்றே மேலே சொன்னபடி பார்த்து, குறையைத் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். பதில் இல்லாவிட்டால் முதல்வரின் உதவி மையம் 1100.

வண்டி மோதிப் பிள்ளை அடிபட்டால் சட்டமே மாறிவிடுகிறது. இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கும். காப்பீட்டு அட்டை கேட்கமாட்டார்கள். இழப்பீட்டுக்கு மோட்டார் விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயம் போக வேண்டும், அதற்கு ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறார்கள். மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும் வழி இருக்கிறது. உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் அரசின் திட்டத்திலிருந்து கிடைக்கும், அதற்கான மனுவைத் தாலுகா அல்லது கோட்ட அளவில் உள்ள விசாரணை அலுவலரிடம் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் அடிப்படை காவல் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கை. சைக்கிள்தானே என்று சமாதானம் பேசி அதைப் பதியாமல் விட்டுவிடாதீர்கள், சைக்கிளையும் புலனாய்வு அலுவலர் பார்த்து முடிக்கும் வரை பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள்.