ரூன்ஸ்கேப்: புதிய ஆட்டக்காரரின் தொடக்க நாட்கள்

ரூன்ஸ்கேப் என்பது ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையத்தில் கூடி ஆடும் கற்பனை உலக விளையாட்டு ஆகும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ கோவர், பால் கோவர் என்னும் சகோதரர்கள் உருவாக்கிய இது 2001 சனவரி 4 அன்று வெளியானது. கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஜேஜெக்ஸ் நிறுவனம் இதை நடத்தி வருகிறது. இவ்விளையாட்டின் 2007ஆம் ஆண்டு நிலையை அடிப்படையாகக் கொண்ட 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்' 2013 பிப்ரவரி 22 அன்று தனியாக வெளியிடப்பட்டது. புதியவர் ஒருவருக்கு முதல் சில நாட்களில் நேர்வதை இக்கட்டுரை பெரிதும் இவ்வடிவத்தைக் கொண்டே விளக்குகிறது.

வாள், மந்திரம், கோட்டை, டிராகன் என ஐரோப்பியப் பழங்கதைகளின் சரக்கெல்லாம் இதில் உண்டு. ஆனால் உள்ளே நுழைபவர் முதலில் செய்யும் வேலை டிராகனைக் கொல்வது அன்று; விறகு வெட்டுவதும் இறால் பிடிப்பதும்தான்.

இவ்வகை விளையாட்டின் வேர், 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்னும் விளையாட்டில் இருக்கிறது. அதில் படமே கிடையாது. "நீ ஓர் அறையில் நிற்கிறாய்" என்ற வகையில் திரையில் எழுத்து வரும். ஆடுபவரும் எழுத்திலேயே பதில் தட்டுவார். ஆண்ட்ரூ கோவர் ரூன்ஸ்கேப்புக்கு முன்பு செய்து பார்த்த விளையாட்டின் பெயரே 'டீவியஸ்மட்' என்பதாகும்.

தொடக்கத்தில் ரூன்ஸ்கேப் உலாவியிலேயே இயங்கியது. கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பதால், மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்காரும் பிரவுசிங் சென்டரின் பழைய கணினியிலும் ஆட முடிந்தது. 2018 அக்டோபர் 30 முதல் கைப்பேசியிலும் ஆடலாம். கிணத்துக்கடவில் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் ஒருவரும் லண்டனில் கணினி முன் இருப்பவரும் ஒரே மரத்தை வெட்டலாம். இந்த உலகங்களை இயக்கும் கணினிகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளன. அவ்வளவு தொலைவு தகவல் போய் வரச் சற்றுத் தாமதமாகும். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் அந்தத் தாமதமே ஆளைக் கொன்றுவிடும். இங்கே அது பெரிய குறை ஆவதில்லை. ஏனெனில் இவ்விளையாட்டின் செயல்கள் 0.6 நொடிக்கு ஒரு முறை மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகின்றன.

பயிற்சித் தீவு

புதிய ஆட்டக்காரர் முதலில் ஒரு தனித் தீவில் இறங்குகிறார். அங்குள்ள கணினிப் பாத்திரங்கள் ஒவ்வொருவராக வேலை கற்றுத் தருகின்றனர். மரம் வெட்டி நெருப்பு மூட்டுதல், வலை போட்டு இறால் பிடித்துச் சுடுதல், ரொட்டி செய்தல், செம்பும் வெள்ளீயமும் வெட்டியெடுத்து உருக்கி வெண்கலக் கத்தி அடித்தல், பெருச்சாளியோடு சண்டை, வங்கி, மந்திரம் என்று பாடங்கள் போகும். வெண்கலத்துக்கு இவ்விளையாட்டு செம்பையும் வெள்ளீயத்தையும் சரிபாதியாகக் கேட்கிறது. உண்மை வெண்கலத்தில் பத்தில் ஒன்பது பங்களவு செம்புதான். மாணவர்கள் இந்தக் கணக்கைத் தேர்வுத்தாளில் எழுதிவிடக் கூடாது.

ஒவ்வொரு தொழிலுக்கும் 1 முதல் 99 வரை நிலைகள் உண்டு. இரண்டாம் நிலையை அடைய 83 புள்ளிகள் போதும். ஓர் இறால் சுட்டால் 30 புள்ளிகள். ஆக, கருகாமல் மூன்று இறால் சுட்டால் சமையலில் இரண்டாம் நிலை வந்துவிடும். 99ஆம் நிலைக்கோ 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். அதில் பாதியான 65,17,253 புள்ளிகளைத் தொடும்போதுதான் 92ஆம் நிலை வருகிறது. அதாவது 92 என்பது பாதி வழி. ஏறத்தாழ ஏழு நிலைகளுக்கு ஒரு முறை தேவைப்படும் புள்ளிகள் இரு மடங்காகின்றன. பெருக்குத் தொடருக்கு இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு பாடநூலில் கிடைப்பது அரிது. புதியவரை முதல் நாளே கட்டிப் போடுவதும் இந்தக் கணக்குதான்: தொடக்கத்தில் நிலைகள் மளமளவென்று ஏறும், பிறகு மெல்ல மெல்ல இறுகும்.

முட்டை, மாவு, பால்

தீவிலிருந்து புதியவர் லம்பிரிட்ஜ் என்னும் கோட்டை ஊருக்கு அனுப்பப்படுகிறார். பெரும்பாலோர் ஏற்கும் முதல் பணி அக்கோட்டைச் சமையல்காரர் தருவது. கோட்டைத் தலைவரின் பிறந்த நாளுக்குக் கேக் செய்ய வேண்டும். முட்டையும் மாவும் பாலும் இல்லை என்று அவர் புலம்புகிறார்.

கோழிப் பண்ணையில் முட்டை கிடைக்கும். வாளி இருந்தால் மாட்டில் பால் கறக்கலாம். மாவுதான் சற்று வேலை வாங்கும். வயலில் கோதுமை பறித்து, காற்றாலையின் மேல்மாடிக்கு ஏறி, தொட்டியில் கொட்டி, நெம்புகோலை இழுத்து, கீழே இறங்கிப் பானையில் மாவைப் பிடிக்க வேண்டும். உடுமலை, பல்லடம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காற்றாலை என்றால் மின்சாரம்தான் தெரியும்; காற்றால் மாவும் அரைத்தார்கள் என்பதை இங்கே அறியலாம். பணி முடிந்தால் 300 சமையல் புள்ளிகள் கிடைக்கும்.

கேக் செய்வது சின்ன வேலைதான். ஆனால் இதில் ஆட்டக்காரருக்கு யாரும் அம்புக்குறி போட்டு வழி காட்டுவதில்லை என்பதே பழைய வடிவத்தின் தனித்தன்மை. காற்றாலை எங்கே என்று தெரியாதவர் வழியில் போகும் இன்னொருவரைக் கேட்க வேண்டும். கேட்பது ஆங்கிலத்தில். அரைகுறை ஆங்கிலத்தோடு வரும் மாணவர் பிழையைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதத் தொடங்குவது இத்தகைய இடத்தில்தான். எதிரில் இருப்பவர் பிரேசில்காரராகவோ போலந்துக்காரராகவோ இருக்கலாம். அவருடைய ஆங்கிலமும் அப்படித்தான். 'நூப்' என்று சிலர் கேலி செய்வர். கற்றுக்குட்டி என்பதற்கு மேல் அச்சொல்லுக்குப் பொருள் இல்லை.

முதல் மரணம்

லம்பிரிட்ஜை விட்டுப் புதியவர் நடக்கும் முதல் நெடும்பயணம் வடக்கே உள்ள வாராக் என்னும் பெருநகருக்கு. அந்நகரின் தெற்கே ஒரு கல்வட்டம். அங்கே கருப்பு மந்திரவாதிகள் திரிகின்றனர். பலம் குறைந்தவரைக் கண்டால் அவர்களே வந்து தாக்குவர். தேறியவரைக் கண்டால் பேசாமல் இருந்துவிடுவர். புதியவருக்கு இருப்பது 10 உயிர்ப் புள்ளிகளை ஒட்டிய அளவு. மிகப் பலருடைய முதல் மரணம் இக்கல்வட்டத்தில்தான் நிகழ்ந்திருக்கிறது.

இறந்தவர் மீண்டும் லம்பிரிட்ஜில் எழுவார். பழைய விதிப்படி கையிலிருந்தவற்றுள் விலை மிகுந்த மூன்று பொருள்கள் மட்டும் அவரோடு வரும். மற்றவை இறந்த இடத்திலேயே விழுந்து கிடக்கும். சற்று நேரம் கழித்து அவை பிறர் கண்ணுக்கும் படும், எடுத்துக்கொள்ளலாம். பின்னாளில் இவ்விதி தளர்த்தப்பட்டு, பொருளை மீட்கக் கால அவகாசம் தரப்பட்டது. எப்படியானாலும், வங்கியில் போட வேண்டியதைக் கையில் சுமந்து திரியக் கூடாது என்பது ஒரே சாவில் புரிந்துவிடும்.

யாரை நம்புவது

மந்திரவாதி தாக்குவான் என்பது ஒரு முறை பட்டால் தெரிந்துவிடும். மனிதர்கள் அப்படியில்லை. ரிச்சர்ட் பார்ட்டில் 1996இல் எழுதிய கட்டுரையில் இவ்வகை விளையாட்டுக்கு வருவோரை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருவோர், சுற்றிப் பார்க்க வருவோர், பேசிப் பழக வருவோர், பிறரைத் தாக்கி மகிழ வருவோர். நாலாம் வகையினர் பெருகினால் மற்றவர்கள் மெல்ல விலகிவிடுவர் என்றும் அவர் காட்டினார். அவர்களிடம் எளிதில் சிக்குவது புதியவரே.

ரூன்ஸ்கேப்பில் வடக்கே 'வைல்டர்னஸ்' என்னும் காடு உண்டு. அங்கே ஆட்டக்காரர் ஆட்டக்காரரைக் கொன்று பொருளை எடுத்துக்கொள்ளலாம். அது விதிக்கு உட்பட்டதே. "என் பின்னால் வா, நல்ல பொருள் தருகிறேன்" என்று புதியவரை அங்கே அழைத்துப் போவது பழைய தந்திரம். இன்னொன்று: "உன் கவசத்தைக் கொடு, இலவசமாகத் தங்கக் கரை கட்டித் தருகிறேன்." அப்படி ஒரு தொழிலே இவ்விளையாட்டில் கிடையாது. கொடுத்த கவசமும் திரும்பாது. "கடவுச்சொல்லைத் தட்டிப் பார், நட்சத்திரக் குறிகளாகத்தான் தெரியும்" என்பது மூன்றாவது. தட்டியவரின் கணக்கே பறிபோகும். இன்று கைப்பேசியில் ஓடிபி கேட்கும் குரலும் இதே பாடத்தைத்தான் ஒப்பிக்கிறது. தன் கற்பனைக் கவசத்தை ஒரு முறை இழந்த பையன், வீட்டில் அப்பாவுக்கு வரும் அந்த அழைப்பை மற்றவர்களை விட விரைவில் அடையாளம் காணக்கூடும்.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவர். சுற்றி நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. ரூன்ஸ்கேப்பின் பண்டமாற்றுத் திரை அதற்கு நேர் மாறானது. இருவர் கொடுப்பதும் இருவருக்கும் தெரியும். இருவரும் ஒப்ப வேண்டும். இருந்தும் கடைசி நொடியில் பொருளை மாற்றி, அதைப் போலவே தோன்றும் மலிவான ஒன்றை வைத்தவர்கள் உண்டு. அதனால் இரண்டாவது திரை சேர்க்கப்பட்டது. அதில் படம் அல்ல, பொருளின் பெயரே முக்கியம். அவசரத்தில் படிக்காமல் ஒப்புபவர் இன்றும் ஏமாறுகிறார்.

உண்மைப் பணம் நுழைந்தபோது

விளையாட்டுத் தங்கத்தை உண்மைப் பணத்துக்கு விற்பது விதிப்படி குற்றம். ஆயினும் அந்த வணிகம் பெருகியது. இதைத் தடுக்க ஜேஜெக்ஸ் 2007 டிசம்பரில் ஒரு கடுமையான முடிவு எடுத்தது: சமமதிப்புள்ள பொருள்களை மட்டுமே மாற்றிக்கொள்ளலாம், வைல்டர்னஸில் பழைய முறைப்படி ஒருவரையொருவர் கொல்லவும் முடியாது. தங்கம் விற்பவர்களுக்கு அது அடிதான். ஆனால் ஏமாற்றுவோரின் கையைக் கட்டிய கயிறு கொடுப்போரின் கையையும் கட்டியது. தேறிய ஒருவர் புதியவரைப் பார்த்து இரக்கப்பட்டு ஒரு நல்ல வாளைச் சும்மா தர வழியில்லாமல் போயிற்று. ஆட்டக்காரர்கள் விடாமல் எதிர்த்தனர். 2011 சனவரியில் வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையினர் பழைய முறையையே கேட்டனர். பிப்ரவரி 1 அன்று அது திரும்பியது. ஏமாறும் வாய்ப்பும் அதோடு திரும்பும் என்பது தெரிந்தே அவர்கள் வாக்களித்தார்கள்.

தங்கம் விற்பவர் எல்லாரும் கயவர் என்று சொல்லிவிடவும் முடியாது. 2017 வாக்கில் வெனிசுவேலாவில் பணவீக்கம் கட்டுக்கடங்காமல் போனபோது, அந்நாட்டினர் பலர் இவ்விளையாட்டில் பச்சை டிராகன்களைக் கொன்று, அதில் வரும் தங்கத்தை விற்று உணவு வாங்கினர். அவர்களைத் தேடிக் கொல்வதைச் சில ஆட்டக்காரர்கள் பொழுதுபோக்காகச் செய்ததும் நடந்தது. புதியவர் எதிரில் காணும் உருவத்துக்குப் பின்னால் இருப்பவர் பள்ளி விடுமுறைச் சிறுவனா, கூலிக்கு உழைக்கும் குடும்பத் தலைவரா என்பது திரையில் தெரியாது.

ரூன்ஸ்கேப் பணம் கட்டி ஆடும் சூதாட்டம் அன்று. இலவசப் பகுதியும், சந்தா செலுத்தி நுழையும் பெரிய பகுதியும் இதில் உள்ளன. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும் இந்திய அரசின் 2025ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்வது பணம் வைத்து ஆடும் ஆட்டங்களையே. ஆனால் இதற்குள்ளேயே தங்கத்தைப் பணயம் வைத்து மோதும் களம் ஒன்று பல ஆண்டுகள் இருந்தது. அங்கே சேமிப்பு முழுவதையும் ஒரே மோதலில் தொலைத்தவர்கள் நிறையப் பேர். அக்களம் 2022இல் நீக்கப்பட்டது.

தங்கம் விற்பதற்கென்றே கணக்குகள் திறக்கப்படுவதால், இலவசப் பகுதியில் புதிய கணக்குகளுக்கு விற்பனைக் கட்டுப்பாடுகள் உண்டு. 20 மணி நேரம் ஆடி, பணிகள் மூலம் 10 புள்ளிகள் பெற்று, எல்லாத் தொழில்களின் நிலைகளையும் கூட்டி 100 ஆக்கினால் அவை நீங்கும். சமையல்காரரின் கேக்குக்குக் கிடைப்பது அந்தப் பத்தில் ஒரு புள்ளி.