காரே வராத சைக்கிள் பாதைகள்: கைவிட்ட ரயில் தடத்தை பிரான்ஸ் என்ன செய்தது?

பிரான்ஸ், சைக்கிள் என்று சேர்த்துச் சொன்னாலே பலருக்கும் நினைவுக்கு வருவது டூர் டி பிரான்ஸ். 1903-ல் தொடங்கிய அந்தப் போட்டியில் வீரர்கள் மூச்சு வாங்க மலையேறுவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். ஆனா அதே நாட்டில் இன்னொரு சைக்கிள் உலகமும் இருக்கு. எட்டு வயசுக் குழந்தையும் எழுபது வயசுத் தாத்தாவும் பக்கத்துல பக்கத்துல பேசிக்கிட்டே ஓட்டிப் போகிற உலகம். பின்னாடி ஹாரன் அடிக்க லாரி கிடையாது. ஓவர்டேக் பண்ண கார் கிடையாது.

வயல், திராட்சைத் தோட்டம், காடு, கால்வாய்க் கரை என்று ஊர் ஊராகப் போகும் இந்தப் பாதைகளை பிரெஞ்சுக்காரர்கள் 'வ்வா வெர்த்' என்கிறார்கள். தமிழில் சொன்னால் 'பசுமைப் பாதை'. இவற்றில் நீளமான பல பாதைகள் புதுசாக வெட்டியவை அல்ல. ரயில் நின்றுபோன தடங்களும், படகை இழுக்க குதிரை நடந்த கரைகளும்தான் இன்று சைக்கிள் பாதையாக மாறியிருக்கின்றன.

இது எப்படி நடந்தது? உண்மையிலேயே அங்கே கார் வராதா? இதில் சிக்கலே இல்லையா? விரிவாகப் பார்க்கலாம்.

பசுமைப் பாதை என்றால் என்ன?

பிரான்ஸின் சாலை விதிகளில் இதற்குத் தனி இடம் உண்டு. 2004 செப்டம்பரில் வந்த அரசாணை ஒன்று இந்தப் பாதைகளை வரையறுத்தது. மோட்டார் இல்லாத வாகனங்கள், நடந்து போகிறவர்கள், குதிரையில் போகிறவர்கள் ஆகியோருக்கு மட்டுமான சாலை என்பதுதான் அதன் சாரம்.

அதாவது, இது சைக்கிளுக்கு மட்டும் ஒதுக்கிய பாதை இல்லை. குழந்தையை வண்டியில் தள்ளிக்கிட்டு வருகிற அம்மாவுக்கும், சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் அதே உரிமை உண்டு. பாதை தொடங்கும் இடத்தில் நீல நிறப் பலகை ஒன்று இருக்கும். அதில் நடப்பவரும் சைக்கிளும் வரையப்பட்டிருக்கும்.

மிதிக்கும்போது மட்டும் உதவி செய்து, 25 கி.மீ. வேகத்தில் உதவியை நிறுத்திவிடும் சாதாரண மின்சார சைக்கிளும் இங்கே சைக்கிள்தான். அதைவிட வேகமான வகைகள் மோப்பட் கணக்கில் போய்விடும் என்பதால் அவற்றுக்கு அனுமதி இல்லை.

ரயில் தடம் சைக்கிள் பாதை ஆனது எப்படி?

19-ம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்ஸ் அரசு ஒரு பெரிய திட்டம் போட்டது. அன்றைய பொதுப்பணித் துறை அமைச்சர் ஷார்ல் தெ ஃப்ரேசினே பெயரால் அறியப்படும் அந்தத் திட்டம் 1879-ல் சட்டமானது. சின்னச் சின்ன நிர்வாக நகரங்கள் வரைக்கும் ரயில் போக வேண்டும் என்பது நோக்கம். மலைக்குள் சுரங்கம் குடைந்து, பள்ளத்தாக்கில் பாலம் கட்டி, கிராமப்புறம் முழுக்க தண்டவாளம் போட்டார்கள்.

அடுத்த சில பத்தாண்டுகளில் பஸ் வந்தது, லாரி வந்தது, வீட்டுக்கு வீடு கார் வந்தது. கூட்டம் குறைந்த கிளை ரயில்கள் ஒவ்வொன்றாக நின்றன. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்த பிறகு மிஞ்சியது என்ன? கிராமங்களை இணைக்கும் நீளமான, குறுகலான ஒரு நிலம். கூடவே பாலங்கள், சுரங்கங்கள், பூட்டிக் கிடக்கும் ஸ்டேஷன்கள்.

சைக்கிளுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைப்பது கஷ்டம். காரணம் எளிமையானது. ரயிலால் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது. அதனால் இந்தத் தடங்களின் ஏற்றம் பெரும்பாலும் 100 மீட்டருக்கு 3 மீட்டரைத் தாண்டாது. வளைவுகளும் மெதுவாகத்தான் வரும். மலைப்பகுதியாகவே இருந்தாலும், பெரிய பயிற்சி இல்லாத ஒருத்தர் மூச்சு வாங்காமல் மிதித்துப் போகலாம்.

பிரான்ஸில் இந்த மாற்றத்தின் தொடக்கமாகச் சொல்லப்படுவது பர்கண்டி பகுதி. அங்கே ஜிவ்ரி, க்ளூனி என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே இருந்த பழைய ரயில் தடத்தில், 1997-ல், சுமார் 44 கி.மீ. நீளத்துக்குப் பசுமைப் பாதை திறக்கப்பட்டது. பின்னர் அது தெற்கே மாக்கோன் நகரம் பக்கமாகவும் நீண்டது. க்ளூனியைத் தாண்டியதும் 1.6 கி.மீ. நீளமுள்ள புவா க்ளேர் ரயில் சுரங்கம் வரும். உள்ளே விளக்கு போட்டிருக்கிறார்கள். ஆனா குளிர்காலத்தில் அந்தச் சுரங்கத்தை மூடிவிடுவார்கள். அப்போது அது வௌவால்கள் தூங்கும் இடம். அந்த மாதங்களில் சைக்கிள்காரர்கள் மேட்டைச் சுற்றித்தான் போக வேண்டும்.

போர்தோ பக்கத்தில் இருக்கும் இன்னொரு பாதைக்கு ரோஜே லபேபியின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1937-ல் டூர் டி பிரான்ஸை வென்றவர் அவர். கியர் மாற்றும் டிரெய்லர் பொருத்திய சைக்கிளில் அந்தப் போட்டியை ஜெயித்த முதல் வீரரும் அவரே. தெற்கே மஸாமே, பெதாரியூ ஊர்களுக்கு இடையே மலையடிவாரத்தில் ஏறக்குறைய 80 கி.மீ. போகும் 'பாஸா பாயிஸ்' பாதையும், வடக்கே தியெப் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குப் போகும் பாதையும் இதே கதைதான். தியெப் பாதை 2012-ல் திறக்கப்பட்ட லண்டன் - பாரிஸ் சைக்கிள் வழித்தடத்தின் ஒரு பகுதி.

கால்வாய்க் கரைகள் எப்படி வந்தன?

ரயிலுக்கு முன்னாடி சரக்கு போன வழி கால்வாய். எஞ்சின் வருவதற்கு முன் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி குதிரைகள் இழுத்தன. அந்தக் குதிரைகள் நடக்க, தண்ணீரை ஒட்டியே சமமான பாதை வேண்டும். அந்தப் பாதைதான் இன்று சைக்கிளுக்குக் கிடைத்திருக்கிறது. தண்ணீர் மட்டம் மாறும் மதகுப் பூட்டுகளின் பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு ஏற்றம் வரும். அவ்ளோதான்.

இதில் புகழ்பெற்றது கனால் து மிதி. பியேர் போல் ரிக்கே என்பவர் தலைமையில் 1666-ல் தொடங்கி 1681-ல் முடிந்த வேலை. துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் வரை சுமார் 240 கி.மீ. நீளம். 1996-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

துலூஸிலிருந்து எதிர்த் திசையில், அட்லாண்டிக் பக்கம் போவது கரோன் கால்வாய். 193 கி.மீ. நீளமுள்ள இதன் வேலை 1856-ல் முடிந்தது. ஆனா கொஞ்ச நாளிலேயே அதே திசையில் ரயில் வந்துவிட்டது. கால்வாயை நடத்தும் குத்தகையும் 1858-ல் அந்த ரயில் கம்பெனி கைக்கே போனது. போட்டிக்காரன் கையில் சாவியைக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது கால்வாயின் நிலை. சரக்குக்கு உதவாமல் போன அந்தக் கரை இன்று சைக்கிளுக்கு நன்றாகவே உதவுகிறது. அதன் பெரும்பகுதி வழவழப்பான தார்ப் பாதை. அஜான் நகரில் 23 வளைவுகள் கொண்ட பாலத்தின் மேல் கால்வாய் கரோன் ஆற்றைக் கடக்கிறது. கீழே ஆறு, மேலே கால்வாய், பக்கத்திலேயே சைக்கிள்!

இந்த இரண்டு கால்வாய்களையும் இணைத்து, ருவாயான் முதல் செத் வரை, ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு சுமார் 750 கி.மீ. சைக்கிள் வழித்தடம் அமைத்திருக்கிறார்கள்.

'கார் வராது' என்பது எவ்வளவு உண்மை?

இங்கதான் பலரும் குழம்புவார்கள். பிரான்ஸில் இரண்டு சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, ஏற்கெனவே பார்த்த பசுமைப் பாதை. இதில் மோட்டார் வாகனம் கிடையாது. பராமரிப்பு வண்டி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

இன்னொன்று 'வேலோரூத்'. இது நீண்ட தூர சைக்கிள் வழித்தடம். இதில் பசுமைப் பாதையும் வரும், வண்டி குறைவாக ஓடும் கிராமத்துச் சாலையும் வரும். லுவார் ஆற்றோரம் சுமார் 900 கி.மீ. போகும் புகழ்பெற்ற 'லுவார் ஆ வேலோ' இந்த ரகம்தான். கோட்டைகள், அரண்மனைகள் வழியே போகும் அழகான வழி. ஆனா முழுக்க முழுக்க கார் இல்லாதது என்று நினைத்துக் குழந்தைகளோடு கிளம்பினால், சில இடங்களில் காரோடு சாலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும்.

பசுமைப் பாதையிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பாதை ஊர்ச் சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்கள் வரும். ஒரு மணி நேரம் கார் சத்தமே கேட்காமல் வந்தவருக்கு கவனம் தளர்ந்திருக்கும். ஆபத்து காத்திருப்பது அந்த இடத்தில்தான்.

ஊர்களுக்கு இதில் என்ன லாபம்?

காரில் போகிறவர் நெடுஞ்சாலையில் ஒரே மூச்சில் 300 கி.மீ. தாண்டிவிடுவார். வழியில் இருக்கும் கிராமத்தின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. சைக்கிளில் நிதானமாகச் சுற்றுகிறவர் ஒரு நாளைக்கு 40, 60 கி.மீ.தான் போவார். அவருக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும், ராத்திரி படுக்க இடம் வேண்டும். ரயில் போனதும் கடை மூடிய ஊர்களுக்கு இது பெரிய விஷயம். சில பழைய ஸ்டேஷன் கட்டடங்கள் காபிக் கடையாகவும், சைக்கிள் வாடகைக் கடையாகவும் திரும்ப உயிர் பெற்றிருக்கின்றன.

சிக்கல் எங்கே?

முதல் சிக்கல், நிலம். ரயில் தடத்தின் மதிப்பே அது அறுபடாமல் நீளமாக இருப்பதில்தான். ரயில் நின்ற பிறகு அந்த நிலத்தைத் துண்டு துண்டாக விற்றால், ஒருத்தர் உழுதுவிடுவார், இன்னொருத்தர் வீடு கட்டிவிடுவார். நடுவில் 200 மீட்டர் போனாலும் பாதை அங்கே முடிந்துவிடும். அறுந்த தடத்தை மறுபடி ஒட்ட, அடுத்த தலைமுறை பல மடங்கு செலவு செய்ய வேண்டும். நல்லா ஓடுகிற பசுமைப் பாதைகள், நிலம் பொதுச் சொத்தாகவே நீடித்த இடங்களில் வந்தவை.

இரண்டாவது, ரயிலே திரும்ப வேண்டும் என்கிற குரல். "சுற்றுலாக்காரர்களுக்குப் பாதை சரி. வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக எங்களுக்கு ரயில்தானே வேண்டும்?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். பாதை போட்டுவிட்டால் ரயில் ஒருநாளும் வராது என்ற பயம் அவர்களுக்கு. நிலம் அறுபடாமல் இருந்தால் பின்னால் ரயிலுக்கே கொடுக்கலாம், விற்றுவிட்டால் இரண்டுமே இல்லை என்கிறது எதிர்த் தரப்பு.

மூன்றாவது, மரங்கள். கனால் து மிதியின் அழகே இரு கரையிலும் கூரை போல் கவிந்து நின்ற சுமார் 42,000 பிளேன் மரங்கள். 2006-ல் அவற்றில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. வேர் வழியாகவும் தண்ணீர் வழியாகவும் பரவும் இந்த நோய்க்கு மருந்து இல்லை. பாதித்த மரத்தை வெட்டி எரிப்பதுதான் வழி. ஆயிரக்கணக்கான மரங்கள் இப்படிப் போய்விட்டன. இப்போது ஒரே வகையை நம்பாமல், ஓக் உட்படப் பல வகை மரங்களை நடுகிறார்கள். அவை நிழல் தர வருஷங்கள் ஆகும். அதுவரை தெற்கு பிரான்ஸின் கோடை வெயில் நேராகத் தலையில்தான்.

போக நினைப்பவர்கள் கவனிக்க

* வரைபடத்தில் பசுமைப் பாதையா, வேலோரூத்தா என்று முதலில் பாருங்கள். குழந்தைகளோடு போனால் இது ரொம்ப முக்கியம்.

* எல்லாப் பாதையும் தார் இல்லை. கனால் து மிதியில் துலூஸிலிருந்து சுமார் 50 கி.மீ. வரை நல்ல பாதை. அதன்பிறகு மண்ணும் கல்லும் மர வேரும் வரும் இடங்கள் உண்டு. அகலமான டயர் நல்லது.

* 'அக்கேய் வேலோ' பலகை உள்ள விடுதிகள் சைக்கிள் வழித்தடத்திலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்கும். சைக்கிளைப் பத்திரமாக வைக்க இடமும், பழுது பார்க்கக் கருவிகளும் கிடைக்கும்.

* கிராமக் கடைகள் மதியம் மூடியிருக்கலாம். ஞாயிறு, திங்களில் திறக்காத கடைகளும் உண்டு. தண்ணீரும் சாப்பாடும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள்.

* அதிவேக டிஜிவி ரயிலில் சைக்கிள் ஏற்ற முன்பதிவு வேண்டும். சில ரயில்களில் அந்த வசதியே இருக்காது.

* சுரங்கம் உள்ள பாதை என்றால், முன் விளக்கு கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் திறந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

ஒரு ரயில் நிற்கும்போது ஊர் இழப்பது ரயிலை மட்டும் இல்லை, நூறு வருஷம் முன்னாடி பாலமும் சுரங்கமும் போட்டு இணைத்து வைத்த ஒரு வழியையும்தான். அந்த வழியை விற்காமல் வைத்திருந்த இடங்களில்தான் இன்று குழந்தைகள் பயமில்லாமல் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.