வலசைப் பறவைகளின் கொழுப்புச் சேமிப்பும் கார்ட்டிகோஸ்டிரோனும்

வலசைப் பறவைகள் நெடும்பயணத்திற்கான ஆற்றலைப் பெரும்பாலும் கொழுப்பாகவே உடலில் சேமிக்கின்றன. இச்சேமிப்பையும் அதன் செலவையும் நெறிப்படுத்தும் இயக்குநீர்களுள் (ஹார்மோன்களுள்) முதன்மையான ஒன்று கார்ட்டிகோஸ்டிரோன் ஆகும். மாந்தரில் கார்ட்டிசோல் ஆற்றும் பணியைப் பறவைகளில் இது ஆற்றுகிறது. அண்ணீரகச் சுரப்பி இதனைச் சுரக்கிறது. ஆபத்துக் காலத்தில் மிகுதியாகச் சுரப்பதால் அழுத்த இயக்குநீர் என்று அழைக்கப்படுகிறது. எனினும் அன்றாட ஆற்றல் மேலாண்மையிலும் பங்கு கொள்வதால் அப்பெயர் முழுப் பொருத்தமன்று.

சேமிப்பு

ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 39 கிலோஜூல் ஆற்றலைத் தருகிறது. மாவுப்பொருளும் புரதமும் தருவது 17 கிலோஜூல் அளவே. மேலும் கிளைக்கோஜனும் புரதமும் நீருடன் சேர்ந்தே உடலில் தங்குகின்றன. கொழுப்போ ஏறக்குறைய நீரின்றித் தங்குகிறது. பறக்கும் உயிரினத்திற்கு இந்த எடைக் குறைவு பெரிய ஆதாயம். கொழுப்பு தோலுக்கடியிலும் வயிற்றுப் பகுதியிலும் கவையெலும்பின் குழிவிலும் படிகிறது. பறவைகளுக்கு வளையமிடுவோர் கழுத்தடி இறகுகளை ஊதி விலக்கி, தோலின் ஊடே தெரியும் மஞ்சள் நிறத்தைக் கொண்டே சேமிப்பை மதிப்பிடுவர்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு பட்டைவால் மூக்கன். அலாசுக்காவில் இனப்பெருக்கம் செய்யும் இப்பறவைகள் பசிபிக் பெருங்கடலைக் கடந்து நியூசிலாந்தையும் ஆத்திரேலியாவையும் அடைகின்றன. (தமிழகக் கடற்கரைக்கு வருபவை சைபீரியாவில் இனப்பெருக்கம் செய்யும் வேறு கூட்டத்தைச் சேர்ந்தவை.) புறப்படும் இளம் பறவைகளின் உடல் எடையில் 55 விழுக்காடு வரை கொழுப்பாக இருந்ததை 1998 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவற்றின் இரைப்பை, குடல், கல்லீரல் முதலியன சுருங்கியிருந்தன; பறக்கும்போது பயன்படாத உறுப்புகளின் சுமை இவ்வாறு குறைகிறது. 2022 இல் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஓர் இளம் பறவை, அலாசுக்காவிலிருந்து தாசுமேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டர் தொலைவை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் கடந்தது.

இயக்குநீரின் இருமுகம்

இரத்தத்தில் கார்ட்டிகோஸ்டிரோன் மிதமாக உயரும்போது பறவையின் பசியும் இரை தேடலும் கூடுகின்றன. மிக உயர்ந்து அந்நிலையிலேயே நீடித்தால் தசைப் புரதம் சிதைக்கப்பட்டுக் குளுக்கோசாக மாற்றப்படுகிறது. பறப்புத் தசையே எரிபொருளாவது ஆபத்தானது. கொழுப்பு தீர்ந்த நிலையில் இது நிகழ்கிறது. சகாராவைக் கடக்கும் தோட்டக் கதிர்க்குருவிகளில், கொழுப்பு குறைந்து மெலிந்தவற்றின் அடிப்படை அளவு கொழுத்தவற்றைவிட உயர்ந்திருந்தது.

பறவையைப் பிடிப்பதே அதற்கு அழுத்தம் என்பதால், அடிப்படை அளவை அறிய மூன்று நிமிடங்களுக்குள் குருதி எடுக்க வேண்டும். சுமார் அரை மணி கழித்து மீண்டும் எடுத்து உயர்வைக் கணக்கிடுவர். வலசைக் காலத்தில் அடிப்படை அளவு உயர்ந்தும் அழுத்த எதிர்வினை தணிந்தும் இருக்கும், அதனால் தசை காக்கப்படும் என்ற கருதுகோள் 1990களில் முன்வைக்கப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் சில இனங்களில் இதை ஆதரித்தன. வேறு சிலவற்றில் ஆதரிக்கவில்லை.

தங்குமிடங்கள்

சேமிப்பு குறைந்து இறங்கும் பறவைக்கு இடைத்தங்கல் இடத்தில் இரை கிடைக்காவிட்டாலோ, அடிக்கடி விரட்டப்பட்டாலோ மீண்டும் கொழுக்க இயலாது. அலாசுக்காவுக்குத் திரும்பும் மூக்கன்கள் மஞ்சள் கடலின் சேற்றுநிலங்களில் தங்கி உண்கின்றன. தென்கொரியாவின் சேமாங்கும் பகுதியில் 33 கிலோமீட்டர் நீளக் கடலணை 2006 இல் மூடப்பட்டதால் அத்தகைய பரந்த நிலம் இழக்கப்பட்டது. எஞ்சிய சேற்றுநிலங்களுள் சில 2019 இல் சீனாவிலும் 2021 இல் தென்கொரியாவிலும் உலகப் பாரம்பரியக் களங்களாக அறிவிக்கப்பட்டன.