ஓய்வூதியச் சீர்திருத்தம்: நன்மையும் சுமையும்

மருந்துச் செலவுக்கு உதவி கேட்டு நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் பெரியவர்களில் பலர், நாற்பது ஆண்டுகள் உழைத்தவர்கள். கடை, தையல், பீடி என்று உழைப்புக்குக் குறைவில்லை. ஓய்வூதியம் மட்டும் இல்லை. ஆகவே ஓய்வூதியச் சீர்திருத்தம் என்பது அரசு ஊழியர்களின் விவகாரம் மட்டுமல்ல.

பழைய முறையில் அரசு ஊழியர், ஓய்வூதியத்துக்கென்று சந்தா கட்டாமலேயே, கடைசிச் சம்பளத்தில் பாதியை அகவிலைப்படியுடன் ஆயுள் முழுவதும் பெற்றார். அந்தச் செலவு அவ்வப்போதைய வரிப்பணத்திலிருந்து வந்தது. மக்களின் ஆயுள் கூடக் கூட அரசின் சுமையும் கூடியது. எனவே தமிழ்நாட்டில் 1-4-2003 முதலும், மத்திய அரசில் (முப்படைகள் நீங்கலாக) 1-1-2004 முதலும் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு முறை வந்தது.

மத்திய அரசின் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இப்போது ஊழியர் 10 சதவீதமும் அரசு 14 சதவீதமும் செலுத்துகின்றன. சேமிப்பு ஊழியர் பெயரிலேயே இருக்கும். வேலை மாறினாலும் கணக்கு தொடரும். ஆனால், கைக்கு வரும் தொகை சந்தையைப் பொறுத்தது. விலைவாசியோடு அது தானாக உயராது.

அரசுக்கும் சிரமம் உண்டு. பழைய ஓய்வூதியர்களுக்கும் கொடுக்க வேண்டும், புதியவர்களுக்கும் பங்கு கட்ட வேண்டும். ராஜஸ்தான், இமாசலப் பிரதேசம் போன்ற மாநிலங்கள் பழைய முறைக்குத் திரும்பின. அதனால் இன்றைய செலவு குறையும். பிற்காலத்தில் சுமை நம் பிள்ளைகள் தலையில் விழும்.

இதற்கு நடுவழியாக 1-4-2025 முதல் மத்திய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் வந்துள்ளது. 25 ஆண்டுகள் பணியாற்றியவருக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி கிடைக்கும். 10 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெறுபவருக்குக் குறைந்தது மாதம் 10,000 ரூபாய். அவர் காலத்துக்குப் பின் மனைவிக்கோ கணவருக்கோ அதில் 60 சதவீதம் கிடைக்கும்.

அரசு வேலையில் இல்லாத நம் குடும்பங்களுக்கு அடல் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. வருமான வரி கட்டாத, 18 முதல் 40 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். 60 வயதுக்குப் பின் மாதம் 5,000 ரூபாய் பெற, 18 வயதில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாய் கட்ட வேண்டும். 40 வயதில் சேர்ந்தால் 1,454 ரூபாய். தள்ளிப்போட்டால் வரும் நஷ்டம் இவ்வளவு. அதே சமயம், பல ஆண்டுகள் கழித்து அந்த 5,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு இருக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வட்டி குறித்து ஐயம் உள்ளவர்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே சேர்ந்திருப்பவர்கள், வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா, நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.